சிறு டிராக்டரில் முன் லோடர்: எவ்வளவு தூக்கலாம், பின்னால் எவ்வளவு எடை வேண்டும்

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும், கீழே வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துப் பாக்குத் தோப்புகளிலும் வரிசைகளுக்கு இடையே நுழைந்து வேலை செய்ய, 20 முதல் 30 எச்.பி. வரையுள்ள நான்கு சக்கர இயக்கச் சிறு டிராக்டர்கள் ஏற்றவை. அவற்றின் முன்னால் லோடர் (பக்கெட்டைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் கை) பொருத்திக்கொண்டால் தொழுவுரம் அள்ளவும், மண் சரிந்த பாதையைச் சீர்செய்யவும், ஜல்லியும் மணலும் ஏற்றவும் ஒருவரே போதும். ஆனால் லோடர் வாங்கும் புதியவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எத்தனை கிலோ தூக்கும்?" என்பதாகவே இருக்கிறது. அத்துடன் "தூக்கியதை என் டிராக்டர் தாங்கி நிற்குமா?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கான விடை லோடரில் இல்லை. அது டிராக்டரின் பின்பக்கத்தில் இருக்கிறது.

கேட்லாக்கில் உள்ள எண் எதைச் சொல்கிறது

நம் நாட்டு டிராக்டர் கேட்லாக்குகளில் "தூக்கும் திறன் 750 கிலோ" என்பது போல ஓர் எண் இருக்கும். அது முன் லோடருக்கான எண் அன்று. பின்னால் ரோட்டாவேட்டர், கல்டிவேட்டர் மாட்டும் மூன்று முனை இணைப்பின் ஹைட்ராலிக் தூக்கும் எடை அது. டிராக்டரின் 750 கிலோவை மனத்தில் வைத்துக்கொண்டு முன்னால் அரை டன் கல்லைத் தூக்க முயல்வது, தொடங்குவதற்கு முன்பே தவறான கணக்கு. ஆகவே லோடருக்கென்று தனியாக உள்ள விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர்ப் பட்டறையில் செய்த லோடர் என்றால், செய்தவரிடம் அந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர இயலாதவரிடம் லோடர் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

லோடரின் விவரத்தாளிலும் ஒரே ஓர் எண் இருக்காது. பக்கெட்டை லோடர் கையோடு சேர்க்கும் 'பின்' (இணைப்பு ஆணி) இருக்கும் இடத்தில் எத்தனை கிலோ தூக்கும் என்பது ஓர் எண். அந்தப் பின்னிலிருந்து 500 மி.மீ. முன்னால் தள்ளி எத்தனை கிலோ தூக்கும் என்பது இன்னோர் எண். சில நிறுவனங்கள் 800 மி.மீ. தள்ளியும் அளந்து தருகின்றன. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது முதல் எண்ணாகவே இருக்கும், ஏனெனில் அதுவே பெரியது. பக்கெட்டில் நிரம்பிய மண்ணின் எடை பின்னின் மேல் நேராக நிற்பதில்லை, அதற்கு முன்னால் தள்ளி நிற்கிறது. ஆகவே உங்களுக்குப் பயன்படும் எண் 500 மி.மீ. கணக்கில் உள்ளதே. மேலும், முழு உயரத்துக்குத் தூக்கும் எடை, நிலத்தருகே தூக்கும் எடையைவிடப் பொதுவாகக் குறைவாக இருக்கும். டிப்பரில் கொட்டப் போகிறீர்கள் என்றால் முழு உயரத்து எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணில் பக்கெட்டின் எடை ஏற்கெனவே கழிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். எடுத்துக்காட்டாக, பின்னில் 550 கிலோ, 500 மி.மீ. முன்னால் 400 கிலோ என்று ஒரு லோடருக்குப் போட்டிருக்கிறது, பக்கெட்டின் எடை 100 கிலோ, அது இன்னும் கழிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உண்மையில் தூக்கக்கூடிய பொருளின் எடை ஏறத்தாழ 300 கிலோ. 550 என்று தொடங்கிய எண் 300 ஆகிவிட்டது. இந்த 300ஐ வைத்தே மேலே போவோம்.

பக்கெட்டில் என்ன இருக்கிறது

சிறு டிராக்டரின் பக்கெட் ஏறத்தாழ 0.2 கன மீட்டர் கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளலாம். மக்கிய தொழுவுரம் கன மீட்டருக்கு 500 கிலோ அளவில் இருந்தால், ஒரு பக்கெட் 100 கிலோதான், கவலையில்லை. காய்ந்த மணல் கன மீட்டருக்கு 1,600 கிலோ என்றால் ஒரு பக்கெட் 320 கிலோ, நம் எல்லையை அப்போதே தாண்டிவிட்டது. மழையில் நனைந்த மணலோ எம்-சாண்டோ 1,900 கிலோ அளவுக்குப் போனால் ஒரு பக்கெட் 380 கிலோ. மேலே குவித்து அள்ளினால் இன்னும் கூடும். ஆகவே தொழுவுரத்துக்கு முழுப் பக்கெட், ஈர மணலுக்கு முக்கால் பக்கெட்டுக்கும் குறைவு என்று ஓட்டுநருக்கு முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். அது கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ எடையுள்ளது. எல்லாப் பக்கமும் அரை மீட்டர் உள்ள ஒரு கல், பார்க்கச் சிறியதாகத் தெரிந்தாலும், 335 கிலோவுக்கு மேல் இருக்கும். அதுவும் பக்கெட்டின் நுனியில் உட்கார்ந்தால் நெம்பும் விசை மேலும் கூடும். தோட்டத்துப் பாதையில் உருண்டு கிடக்கும் கல்லைத் தூக்குவதைவிட, பக்கெட்டைத் தாழ்த்தி மெல்லத் தள்ளி ஓரம் சேர்ப்பதே முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அளவுக்கு மீறிய சுமையில் ஹைட்ராலிக்கின் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும், லோடர் தூக்காமல் நின்றுவிடும். "தூக்கினால் தூக்கட்டும், இல்லாவிட்டால் அதுவே நின்றுவிடும்" என்று சிலர் இதை நம்பி வேலை செய்கிறார்கள். அந்த வால்வு காப்பது ஹைட்ராலிக் அமைப்பை மட்டுமே. நிலத்தருகே லோடரின் திறன் கூடுதலாக இருப்பதால், டிராக்டரின் பின்சக்கரம் தரையை விட்டு எழும் அளவு சுமையைக்கூட அது தயங்காமல் தூக்கிவிடும். வால்வின் அழுத்தத்தைக் கூட்டித் தருகிறோம் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பின் எடையின் கணக்கு

கிணற்றுத் துலாவின் வால்பக்கம் கல் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். லோடர் பொருத்திய டிராக்டரில் முன் அச்சுதான் ஊன்றுகோல். பக்கெட் அதற்கு முன்னால் நிற்கிறது, டிராக்டரின் உடலும் ஓட்டுநரும் அதற்குப் பின்னால் நிற்கிறார்கள். முன்னால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் தன் எடையை முன் அச்சின் மேல் வைப்பதோடு நில்லாமல், பின் அச்சிலிருந்தும் ஓரளவு எடையைப் பிடுங்கி முன் அச்சின் மேல் போடுகிறது.

எண்களால் பார்ப்போம். கீழே உள்ளவை கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் டிராக்டரின் அளவுகளை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள். டிராக்டர் 900 கிலோ, அதில் முன் அச்சில் 380, பின் அச்சில் 520. இரு அச்சுகளுக்கும் இடையே 1.5 மீட்டர். பக்கெட்டோடு சேர்ந்த லோடர் 280 கிலோ, அதன் எடை மையம் முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால். 70 கிலோ எடையுள்ள ஓட்டுநர் முன் அச்சிலிருந்து 1.4 மீட்டர் பின்னால். பக்கெட்டில் 300 கிலோ, முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால்.

முன் அச்சை மையமாக வைத்து ஒவ்வொரு எடையையும் அதன் தொலைவால் பெருக்குங்கள். பின்பக்கம் 520 × 1.5 = 780, ஓட்டுநருக்கு 98, கூட்டினால் 878. முன்பக்கம் லோடருக்கு 140, சுமைக்கு 360, கூட்டினால் 500. மிச்சம் 378, அதை 1.5 ஆல் வகுத்தால் பின் அச்சில் நிற்பது 252 கிலோ. மொத்த எடை 1,550 கிலோ என்பதால் மீதி 1,298 கிலோவும் முன் அச்சின் மேல். வெறும் டிராக்டரில் 380 கிலோ தாங்கிய முன் அச்சு, இப்போது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்குகிறது. பின் அச்சில் மொத்த எடையில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது.

இப்போது பின்னால் 250 கிலோ எடையைச் சேர்ப்போம். அதை எங்கே சேர்க்கிறோம் என்பதுதான் முக்கியம். பின் சக்கரங்களிலேயே இரும்பு எடைத்தட்டாகவோ டயருக்குள் தண்ணீராகவோ சேர்த்தால், அந்த 250 கிலோ அப்படியே பின் அச்சின் மேல் இறங்கும். பின் அச்சில் 502 கிலோ ஆகும், முன் அச்சில் அதே 1,298 நிற்கும், ஒரு கிலோவும் குறையாது. அதே 250 கிலோவை மூன்று முனை இணைப்பில், பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால் பின் அச்சில் 635 கிலோ ஆகும், முன் அச்சு 1,165 கிலோவாகக் குறையும். அதாவது முன் அச்சின் பாரத்தில் 133 கிலோவை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. முன் அச்சின் பேரிங்குகள், ஸ்டியரிங், முன் டயர்கள் எல்லாவற்றுக்கும் இது நேரடியான பாதுகாப்பு. லோடர் வேலைக்குப் பின் இணைப்பில் தொங்கும் எடைதான் முதன்மையானது, சக்கர எடை அதற்குத் துணை மட்டுமே என்று நான் சொல்வது இதனால்தான்.

பின் அச்சில் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதற்கு உங்கள் லோடரின் கையேடு சொல்வதே முடிவானது. கையேட்டில் தெளிவாக இல்லை என்றால், சமதளத்தில் மொத்த எடையில் கால் பங்குக்குக் குறையாமலும், மலைத் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிலும் பின் அச்சில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன். மேலே உள்ள கணக்கில் 635 கிலோ என்பது மொத்தம் 1,800இல் 35 விழுக்காடு.

மலையில் இந்தக் கணக்கு ஏன் மாறுகிறது

ஏற்காட்டில் சமதளம் என்பது களமும் வீட்டு முற்றமும் மட்டுமே. ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் தோட்டப் பாதையில், மேலே சொன்ன டிராக்டர் 300 கிலோ சுமையோடு முன்பக்கம் கீழ்நோக்கி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், பின் எடை இல்லாத டிராக்டரின் பின் அச்சில் நிற்பது 252 கிலோ அன்று, ஏறத்தாழ 105 கிலோதான். இதே இறக்கத்தில் 250 கிலோ பின் எடையோடு இறங்கினால் ஏறத்தாழ 458 கிலோ நிற்கும். இந்த வேறுபாடு பிரேக் பிடிக்கும்போது உயிர் காக்கும் வேறுபாடு, ஏனெனில் பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே உள்ளது. பின் சக்கரத்தின் மேல் எடை இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குமே ஒழிய டிராக்டர் நிற்காது. பிரேக் பிடித்த கணத்தில் எடை மேலும் முன்னால் சாயும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே லோடர் வேலை முழுவதும் நான்கு சக்கர இயக்கம் போட்டே இருக்க வேண்டும். அப்போது முன் சக்கரங்களும் கியர் வழியாகப் பின் அச்சோடு பிணைந்திருப்பதால், பிரேக்கின் பிடி முன் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். இடது, வலது பிரேக் மிதிகளைக் கொக்கி போட்டு இணைத்து வையுங்கள். சுமையோடு சரிவில் போகும்போது சுமை எப்போதும் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி ஏறுங்கள், இறங்கும்போது பின்னோக்கி இறங்குங்கள். சரிவுக்குக் குறுக்கே சுமையோடு போக வேண்டாம். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி அமைந்திருப்பதால், டிராக்டரின் நிலைப்பு இரண்டு பின் சக்கரங்களுக்கும் அந்த நடுப் பின்னுக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் அடங்கியது. எடை முன்னால் போகப் போக அந்த முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கிப் போகிறது, அங்கிருந்து பக்கவாட்டில் சாய்வதற்குச் சிறு குழி போதும்.

பின் எடையைச் செய்துகொள்வது

கையில் நான்கு அடி ரோட்டாவேட்டர் இருந்தால் அதையே மாட்டிக்கொள்ளலாம், எடை என்ன என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பி.டி.ஓ. இயக்கத்தை (எஞ்சினிலிருந்து கருவியைச் சுழற்றும் தண்டை) நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் கருவி பின்னால் நீண்டு நிற்பதால் காபிச் செடிகளுக்கு நடுவே திரும்பும்போது கிளைகளை உரசும், அருகே நிற்பவர்மீது படவும் கூடும். தோட்டத்துக்குக் கச்சிதமான காங்கிரீட் கட்டையே ஏற்றது.

காங்கிரீட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள கட்டை 0.108 கன மீட்டர், எடை 259 கிலோ. வெல்டிங் பட்டறையில் அந்த அளவுக்கு இரும்புச் சட்டம் செய்யச் சொல்லி, மூன்று முனை இணைப்பின் கீழ்க் கைகளுக்கான இரண்டு பின்களையும், டாப் லிங்க் (மேல் கை) மாட்டும் காதையும் சட்டத்தோடு பற்றவைத்த பிறகே காங்கிரீட் இட வேண்டும். காங்கிரீட்டில் பின்னை வெறுமனே புதைத்தால் நாளடைவில் தளர்ந்துவிடும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டுங்கள். முதல் வகை (கேட்டகரி 1) மூன்று முனை இணைப்பில் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. தடிமன் இருக்கும். ஆனால் குறுகிய தோட்ட டிராக்டர்களில் கீழ்க் கைகளுக்கு இடைப்பட்ட அகலம் மாறுவதால், சொந்த டிராக்டரை அளந்து பார்த்தே அளவு கொடுங்கள். 200 லிட்டர் பேரலைப் பாதியாக வெட்டி அதில் காங்கிரீட் இடுவோரும் உண்டு, அதுவும் ஏறத்தாழ 240 கிலோ வரும். முழுப் பேரல் 480 கிலோ ஆகிவிடும், சிறு டிராக்டருக்கு அது வேண்டாம்.

மாட்டிய பிறகு பக்கச் செயின்களை இறுக்கி, கட்டை இடவலமாக ஆடாதபடி செய்யுங்கள். சரிவில் ஆடும் எடை, இல்லாத எடையைவிடக் கெட்டது. தரையில் இடிக்காத அளவுக்கு மட்டும் தூக்கி, தாழ்வாகவே வைத்திருங்கள்.

டயரில் தண்ணீர் நிரப்புவதென்றால், வால்வை மேல்பக்கம் நிறுத்தி, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்ப வேண்டும். 8.3-24 அளவுள்ள பின் டயர் ஒன்றில் ஏறத்தாழ 60 லிட்டர் பிடிக்கும். குளிர் நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், ஏற்காட்டுக் குளிருக்கு அது தேவையில்லை.

பின்பக்கம் இரண்டு ஆட்களை ஏற்றி நிற்க வைத்து எடை சேர்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து உங்கள் தோட்டத்தில் அனுமதிக்காதீர்கள். பின்சக்கரம் எழுந்து விழும்போது முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்கள்தான், விழும் இடம் சக்கரத்தடியாகவே இருக்கும். ஒரு காங்கிரீட் கட்டையின் செலவு மிச்சம் என்பதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

எடை மேடையில் சரிபார்த்தல்

கணக்கு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் உண்மை எடை மேடையில்தான் தெரியும். சேலத்திலோ ஆத்தூர்ச் சாலையிலோ லாரிகள் எடை போடும் மேடை ஒன்றுக்கு, லோடர் பொருத்திய நாளிலேயே போய்விடுங்கள். மலைக்கு ஏற்றிய பிறகு இதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளில் டிராக்டரை ஓட்டி இறக்க வேண்டியதில்லை. முதலில் முழு டிராக்டரையும் எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டிச் சமமான தரையில் நிற்க, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி எடை போடுங்கள். பக்கெட்டில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு வைத்தால் 300 கிலோ. அவற்றைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மட்டும் தூக்கி, பின் எடையோடு ஒரு முறை, பின் எடை இல்லாமல் ஒரு முறை எடை எடுத்தால் உங்கள் டிராக்டரின் உண்மையான எண்கள் கைக்கு வந்துவிடும். முன் அச்சின் எண்ணைக் கையேட்டில் சொல்லியுள்ள முன் அச்சின் உச்ச பாரத்தோடும், முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள தாங்கு எடையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லை மீறினால் பக்கெட்டின் அளவைக் குறைக்க வேண்டும், வேறு வழி தேட வேண்டாம்.

அன்றாட வேலையில்

புதிய பொருளை முதல் முறை தூக்கும்போது ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். பின் டயர் தரையில் அழுந்தி நிற்கிறதா, பின்னால் நகர்த்தினால் சக்கரம் வெறுமனே சுற்றுகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் திடீரெனக் கனத்தால் முன் அச்சு கூடுதல் பாரம் சுமக்கிறது என்று பொருள். சுமையோடு நகரும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கொட்டும் இடத்துக்கு வந்து, சமதளத்தில் நின்ற பிறகே உயர்த்த வேண்டும். பின்பக்கம் எழுவது போலத் தோன்றினால் பிரேக்கை உதைக்காமல், உடனே பக்கெட்டைத் தரைக்கு இறக்குங்கள். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள டிராக்டரில் பெல்ட் போட்டே ஓட்டுங்கள். நிழல் மரக் கிளைகளுக்காகச் சட்டத்தை மடக்கியிருந்தால், லோடர் வேலைக்கு அதை நிமிர்த்திப் பூட்டுங்கள்.

லோடரைக் கழற்றி வைத்தால் பின் எடையையும் கழற்றிவிட வேண்டும். மேலே கண்ட டிராக்டரில் லோடர் இல்லாமல் 250 கிலோ கட்டை மட்டும் பின்னால் தொங்கினால், சமதளத்திலேயே முன் அச்சில் மிஞ்சுவது ஏறத்தாழ 250 கிலோதான். அதே நிலையில் மேட்டில் ஏறினால் முன் சக்கரங்களின் பிடி தளர்ந்து ஸ்டியரிங் கேட்காமல் போகும். கழற்றும்போது முதலில் லோடரைத் தரையில் இறக்கிக் கழற்றி, அதன் பிறகு கட்டையை இறக்குங்கள். மாட்டும்போது முதலில் கட்டை, பிறகு லோடர்.